தர்மமும் வேண்டும், உரிமையும் வேண்டும்



பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால் நம் லயங்களில் இரண்டு காகிதங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒன்று, பிள்ளையின் மார்க் லிஸ்ட். மற்றொன்று, மூணாறு பஸ் நிற்கும் இடத்திலும் மருந்துக்கடை வாசலிலும் கையில் திணிக்கப்படும் வண்ண நோட்டீஸ். "நர்சிங் இலவசம், அறக்கட்டளை ஸ்காலர்ஷிப் உண்டு, விடுதி இலவசம், சில இடங்களே பாக்கி" என்று அதில் அச்சடித்திருக்கும். முதல் காகிதத்தைப் பார்த்து மகிழும் தாய், இரண்டாவது காகிதத்தை நம்பி மகளை வெளியூருக்கு அனுப்புகிறாள்.

அப்படி அனுப்பிய ஒரு தாய் சென்ற ஆண்டு நம் சங்கத்துக்கு வந்தார். அறக்கட்டளை கொடுப்பதாகச் சொல்லப்பட்ட பணம், உண்மையில் மகளின் பெயரில் எடுக்கப்பட்ட வங்கிக் கடன். கையெழுத்துப் போட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று மகளுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் பாக்கி என்று அந்தப் பெண்ணின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டது. படிப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. அந்தத் தாய் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ நிஜமான அறக்கட்டளைன்னு ஒண்ணு உண்டா, இல்லையா?"

அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்வது கடமை என்று கருதியே இம்மாதத் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம்.

உண்டு. நிஜமான அறக்கட்டளைகள் உண்டு. அவற்றால் படித்து முன்னுக்கு வந்த ஏழைப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவை எப்படி இயங்குகின்றன, யாருக்கு எட்டுகின்றன, நம்மை ஏன் எட்டவில்லை என்பதை அறியாமல் இருந்தால், நிஜத்தையும் நாம் இழப்போம், போலியிடமும் ஏமாறுவோம்.

அறக்கட்டளை செய்யும் வேலை

பெங்களூரில் உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். கர்நாடகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2010ல் அமைந்தது. இதை நடத்துவது அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை. விப்ரோ நிறுவனத்தின் பெரும்பங்கு முதலாளியான பிரேம்ஜி தம் பங்குகளிலிருந்து வரும் வருமானத்தை இந்த அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 2019 மார்ச்சில் மேலும் ஒரு பகுதியை ஒதுக்கியபோது, மொத்தக் கொடையின் மதிப்பு சுமார் ரூ.1,45,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. லாபம் பங்கு போடுவதற்காக அல்லாமல், அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது பணத்தின் அளவை அல்ல, முறையை. அங்கே இடம் கிடைப்பது எழுத்துத் தேர்வாலும் நேர்காணலாலும். உதவியின் அளவு குடும்ப வருமானத்தால். மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும். கொஞ்சம் கூடுதல் வருமானமுள்ள வீட்டுக்கு ஒரு பகுதி தள்ளுபடியாகும். விடுதிக்கும் இந்த உதவி உண்டு. யாருடைய சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை.

விடுதியைப் பற்றி நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் கட்டணத்தால் அல்ல. அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். ஆனால் மலையிலிருந்து இறங்கினால் தங்க இடம் வேண்டும், மாதா மாதம் மெஸ் பணம் வேண்டும், பஸ் சார்ஜ் வேண்டும், முதல் நாளே கட்ட வேண்டிய முன்பணம் வேண்டும். கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யும் உதவி, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வழி சொல்லாத உதவி. விடுதியையும் சேர்த்துக் கணக்கிடும் அறக்கட்டளைதான் ஏழை வீட்டின் கணக்கைப் புரிந்துகொண்ட அறக்கட்டளை.

இதே அறக்கட்டளை 2024-25 கல்வியாண்டிலிருந்து மற்றொரு திட்டத்தையும் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்துவிட்டு, எந்த நல்ல கல்லூரியில் சேர்ந்தாலும், பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ரூ.30,000 உதவி. பணம் நேரே அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகும். எதற்குச் செலவிடலாம் என்பதை அவளே முடிவு செய்யலாம். 2025-26ல் இரண்டரை லட்சம் மாணவிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல திட்டம். மனமார வரவேற்கிறோம். ஆனால் 2025ல் அவர்கள் வெளியிட்ட மாநிலப் பட்டியலில் கர்நாடகம் இருந்தது, தெலங்கானா இருந்தது, புதுச்சேரி இருந்தது. கேரளம் இல்லை, தமிழ்நாடும் இல்லை. கல்வியில் முன்னேறிய மாநிலங்கள் என்று விட்டிருக்கலாம். கேரளத்தின் கல்விப் பெருமைக்கு நடுவே தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களின் லயங்களும் இருக்கின்றன என்பதைப் பட்டியல் போட்டவர்களுக்கு யார் சொல்வது?

வேலூரில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் 2008 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று, கிராமப்புற அரசுப் பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, படிப்பும் விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கொடுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல், தன்னோடு இணைந்த கல்லூரிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடங்களை ஒதுக்கும் இலவசக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. இவையும் நல்லவையே. ஆனால் மாவட்டத்துக்கு இருவர் என்றால் மூன்றாமவர் எங்கே போவது? தமிழ்நாட்டு மாவட்டம் எதிலும் சேராத நம் பிள்ளை எந்த வரிசையில் நிற்பது?

இரண்டு கதவும் மூடினால்

தோழர்களே, பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணி பின்னால் மலையேறி வந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, உழைப்பு இங்கே. ஆனால் உதவி என்று வரும்போது இந்தப் பக்கம் "நீ தமிழ்நாட்டுக்காரன்" என்பார்கள், அந்தப் பக்கம் "நீ கேரளாக்காரன்" என்பார்கள்.

கேரளத்துப் பக்கத்தைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குக் கேரள அரசு கொடுக்கும் கல்விச் சலுகை நல்ல சலுகைதான். அதைப் பெற சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆதிதிராவிடர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ல் வெளியானது. அந்தத் தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அந்த மாநிலத்தில்தான் சலுகை என்பது விதி. பிறகு குடிபெயர்ந்தவர்களுக்குப் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை என்று 1990ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே 1950க்கு முன்பே நம் தாத்தா இந்த மலையில் இருந்தார் என்பதற்கு ஆவணம் காட்டச் சொல்கிறார்கள்.

எந்த ஆவணம்? தோட்டத் தொழிலாளர் சட்டமே 1951ல்தான் வந்தது. சேமநிதிச் சட்டம் 1952ல் வந்தது. சொந்த நிலம் இல்லாதவனுக்குப் பட்டா ஏது, வரி ரசீது ஏது? 1950க்கு முன் நம் முன்னோரின் பெயர் எழுதப்பட்ட இடம் தோட்டத்துச் செக்ரோல், பழைய பள்ளிக்கூடத்துப் பதிவேடு, கோயில் அல்லது மாதாகோவில் குறிப்பு, இவ்வளவுதான். அவற்றுள் பல நம் கையில் இல்லை, கம்பெனி ஆபீசில் இருக்கின்றன. தேயிலைச் செடிக்கு வயது கணக்கு வைத்திருப்பவர்கள், அதை நட்டவனுக்குக் கணக்கு வைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

இனித் தமிழ்நாட்டுப் பக்கம். அங்கே 2022 செப்டம்பர் 5ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 என்று வைத்தார்கள். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024 முடிவில் புதுமைப் பெண் விரிவாக்கப்பட்டது. தமிழ் வழியில் படித்ததற்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு சொன்னது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் கேரளத்து அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், ஆசிரியர் பற்றாக்குறையோடும் புத்தகத் தட்டுப்பாட்டோடும் மல்லுக்கட்டிப் படித்துவிட்டு, தேனிக்கோ மதுரைக்கோ கல்லூரிக்குப் போகும் நம் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் இல்லை. தமிழ்நாட்டில் தமிழ் படித்தால் ஊக்கம், தமிழ்நாட்டுக்கு வெளியே போராடித் தமிழ் படித்தால் ஒன்றுமில்லை. இது நியாயமா என்று தமிழக ஆட்சியாளர்களைக் கேட்கிறோம்.

இதற்கெல்லாம் மேல் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு நிலைக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் பேர் செக்ரோலில் இருக்க வேண்டும். ஆகவே படிக்கும் பிள்ளையை நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பும் தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. அவள் படிப்பை வெறுக்கவில்லை, கூரையைக் காப்பாற்றுகிறாள். எந்தப் பல்கலைக்கழகத்து அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்திலும் இந்தக் கஷ்டத்தை எழுத ஒரு கட்டம் கிடையாது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேரைப் பறிகொடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளும் அதில் போனார்கள். அதற்குப் பிறகு, தப்பிய பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். அறிவித்ததை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மண் சரிந்த பிறகுதான் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் படிப்பு அரசின் கண்ணில் பட வேண்டுமா?

தர்மத்துக்கும் காவல் வேண்டும்

அறக்கட்டளை என்றால் தானே நடக்கும் என்று எண்ணுவதும் பிழை. சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையின் கதை நம் எல்லோருக்கும் பாடம். பச்சையப்ப முதலியார் காலமானது 1794ல். தம் செல்வத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842ல். இடையில் 48 ஆண்டுகள். நீதிமன்றம் தலையிட்டு மீட்ட பிறகே அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1889ல் அது கல்லூரியாயிற்று. காஞ்சிபுரத்துச் சாதாரணக் குடும்பத்தில் பிறந்த அண்ணா அங்கே படித்துத்தான் எம்.ஏ. ஆனார். எழுதி வைத்தவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, கணக்குக் கேட்பவர்களும் இருக்க வேண்டும்.

நம்மைப் போலவே தோட்டத்தில் பிழைக்கப் போன தமிழர்கள் மலேசியாவில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளிகளை வெளியேற்றிய நேரம். 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேமியுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். வாங்கினார்கள். பிறகு 1984ல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி, சாமிவேலு தலைமையில், எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி அறவாரியத்தை அமைத்தது. ஏழை மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்த அந்த அறவாரியமே 2001ல் கெடா மாநிலத்தில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. ரப்பர்க் காட்டில் பால் வெட்டியவர்களின் சமூகம் மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக்காரர் ஆயிற்று. அங்கே குறைகளும் இல்லாமல் இல்லை. கட்சிக்காரர் கையில் அறவாரியம் இருந்தால் யாருக்குப் போகிறது உதவி என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஆனால் மாதம் பத்து வெள்ளியில் தொடங்கலாம் என்ற துணிவை அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

பெற்றோர்களே, நோட்டீசைக் கொண்டுவரும் ஏஜென்ட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று: இது உதவித்தொகையா, கடனா? திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் உதவித்தொகை அல்ல.

இரண்டு: எந்தெந்தச் செலவு, எத்தனை ஆண்டுக்கு? கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், சீருடை என்று தனித்தனியாகக் கல்லூரியின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள்.

மூன்று: எந்தக் காரணத்தால் உதவி நிறுத்தப்படும்? ஒரு பாடத்தில் தோற்றால் நின்றுவிடும் உதவியும் உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு: உதவி தருவதற்கு முன்பணம் கேட்கிறார்களா? கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளுமா? சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் தெளிவாக அறிவித்துவிட்டது. இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பிள்ளைகள் அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள்!

கடன் வாங்கியே ஆக வேண்டுமானால் ஏஜென்ட் மூலம் வேண்டாம், நேரே வங்கிக்குப் போங்கள். நான்கு லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு ஈடு தேவையில்லை. பட்டா கொண்டுவா என்று கேட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தொழிற்கல்விக்கு, தரச்சான்று பெற்ற கல்லூரியில் சேர்ந்தால், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குப் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு.

நாம் கேட்பது, நாம் செய்வது

கேரள அரசை நாம் கேட்பது: செக்ரோலையும் பழைய பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றின் நகலைத் தொழிலாளிக்குக் கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களுக்கு உத்தரவிடுங்கள். மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடத்தை 2018 மழையில் மண்சரிவு சிதைத்தது. மலையில் ஒரு நல்ல கல்லூரியும் அதற்கொரு விடுதியும் இருந்தால், எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் எந்த அறக்கட்டளையின் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசை நாம் கேட்பது: கேரளத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேரும் பிள்ளைகளைப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் சேருங்கள். தேவிகுளத்திலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. கஜானா காலியாகிவிடாது.

அறக்கட்டளைகளை நாம் கேட்பது: மாநிலத்தைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள், தாலுகாவைப் பார்த்துப் போடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் அச்சிடுங்கள்.

இனி நம் கடமை. ஒரு யோசனையை அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம். முந்நூறு குடும்பங்கள் மாதம் பத்து ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.36,000. இது பெரிய படிப்பை நடத்தும் பணம் அல்ல. ஆனால் விண்ணப்பக் கட்டணம், தேர்வு எழுதப் போகும் பஸ் சார்ஜ், விடுதி முன்பணம் என்று வாசலிலேயே தடுக்கும் சிறு தொகைகளுக்குப் போதும். வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்போம், வேலைக்குப் போனதும் திருப்பித் தரட்டும், அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். நிதிக்குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். சங்க நிர்வாகிகளின் பிள்ளைகளுக்கு இந்த நிதியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் எதுவும் கிடையாது என்று விதி எழுத வேண்டும். பிறரிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் கணக்கை முதலில் திறந்து வைப்போம்.

மேலே சொன்ன அந்தப் பெண்ணின் சான்றிதழ்களை மீட்க, மானியக் குழுவின் அறிவிப்பைச் சுட்டிக்காட்டிச் சங்கத்தின் பெயரில் மனு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுவோம். இதுபோல் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வேறு யாரேனும் இருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். கையெழுத்துப் போட்ட தாள்களின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள்.

கொடுப்பவரின் தர்மத்தை மதிப்போம். ஆனால் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அந்தத் தர்மத்துக்கு மட்டும் விட்டுவிட மாட்டோம்.

கல்வி நம் பிள்ளைகளின் உரிமை! ஒன்றுபடுவோம்! உரிமையை வெல்வோம்!